எங்கள் வீட்டில் இரண்டு அணிகள்

நான் பொம்மனஹள்ளிக்கு வந்து சேர்ந்தது 1994ஆம் ஆண்டு தை மாதத்தில். அரூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர் என் ஊர். ஒசூர் சாலையை ஒட்டிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டும் வேலை கிடைத்தது. வரும்போது நான் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டியும், வலது முழங்காலில் நான்கு விரற்கடை நீளமுள்ள ஒரு தழும்பும். பெட்டி எப்போதோ துருப்பிடித்துப் போயிற்று. தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது. அது சடுகுடு தந்தது.

எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஏரிக்கரைத் திடலில் சுண்ணாம்பால் கோடு கிழித்து விளையாடுவோம். சுற்றுவட்டாரத்திலிருந்து அணிகள் வரும். வென்றவர்களுக்கு ஒரு பித்தளைக் குடம் பரிசு. அந்தக் குடத்தை ஏழு பேர் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? ஆகவே அது மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது ஊரார் வாயில் நம் பெயர் சில நாள் அடிபடுகிற பெருமைதான். மூச்சடக்கிப் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் நுழைந்து, நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவனுக்கு ஓராண்டுக்கு அது போதும். நாமக்கல் பக்கத்து அணியைச் சேர்ந்த ஒருவர் என் காலைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு சில்லு கிழித்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. பிழைப்பும் இங்கே அழைத்துக்கொண்டது. பிறகு இருபது ஆண்டுகள் சடுகுடு என்ற சொல்லை நான் உச்சரித்ததாகவே நினைவில்லை.

2014ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் இரவு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் எதையோ தேடிக்கொண்டிருந்த என் மகன், “அப்பா, உங்கள் விளையாட்டு!” என்று கூவினான். பார்த்தேன். மண் இல்லை, விரிப்பு. வெறுங்கால் இல்லை, காலணி. விளக்குகள் கண்ணைப் பறித்தன. பாட்டும் ஆர்ப்பாட்டமும் வேறு. ஆனால் நடுக்கோட்டைக் காலால் தொட்டு, குனிந்து, கையை நீட்டிக்கொண்டு உள்ளே போகிற அந்த நடை மாறவில்லை. கையில் எடுத்த சோறு காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் இல்லத்தரசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவே புரோ கபடி லீக் போட்டியின் முதல் நாள். எட்டு அணிகள், ஏறக்குறைய ஐந்து வாரம். அந்த ஆண்டு 43 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அதற்குமுன் இந்தியாவில் கிரிக்கெட் தவிர வேறு எந்த ஆட்டத்தையும் இத்தனை கண்கள் பார்ப்பது அரிது. தொலைக்காட்சிக்கு ஏற்றபடி ஆட்டத்தையும் செப்பனிட்டிருந்தார்கள். பாடிச் செல்பவருக்கு முப்பது விநாடிதான். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் வெளியே போக வேண்டும். எங்கள் காலத்தில் நேரத்தைக் கடத்துவதே ஒரு கலையாக இருந்தது. அந்தக் கலைக்கு இனி இடமில்லை. பார்ப்பவர் வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவார் அல்லவா? இந்த மாற்றம் ஆட்டத்துக்கு நல்லதென்றே எனக்குத் தோன்றுகிறது. ஊரில் அரைமணி நேரம் ஒரு புள்ளியும் விழாமல் கொட்டாவி விட்ட ஆட்டங்களை நான் கண்டிருக்கிறேன், ஆடியும் இருக்கிறேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை என் மகன்தான் எனக்கு விளக்கினான். அவன் வணிகவியல் படித்தவன். தொலைக்காட்சி நிறுவனம் ஆட்டத்தின் நடுவே விளம்பரம் விற்கிறது. அதற்கு ஈடாக ஒளிபரப்பு உரிமைக்கு விலை கொடுக்கிறது. அந்த விலை போட்டி நடத்துபவர்கள் வழியாக அணிகளுக்கு வந்து, ஏலத்தின் மூலம் ஆட்டக்காரர்களை அடைகிறது. முதல் ஏலத்தில் மிக அதிக விலை பெற்றவர் ராகேஷ் குமார். 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2023இல் பவன் ஷெராவத்தைத் தெலுகு டைட்டன்ஸ் எடுத்தது 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேலான தொகைக்கு. ஒன்பதே ஆண்டுகளில் இருபது மடங்கு! அதற்குமுன் சடுகுடு வீரன் ஆசைப்பட்டதெல்லாம் இரயில்வேயிலோ காவல் துறையிலோ வங்கியிலோ ஒரு வேலை. கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன் என்னைப்போல் துணி வெட்டினான்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2015இல் ஸ்டார் நிறுவனம் இந்தப் போட்டியை நடத்தும் மஷால் நிறுவனத்தில் 74 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. 2021இல் ஐந்து ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு உரிமை ஏலத்துக்கு வந்தபோது 908 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு எடுத்ததும் அதே ஸ்டார்தான். கடைக்காரரே வாடிக்கையாளராகவும் வந்து நிற்கிற கதை. கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஐ.பி.எல். போட்டியின் 2023 முதல் 2027 வரையிலான உரிமை 48,390 கோடிக்குப் போயிற்று.

2017இல் எட்டு அணிகள் பன்னிரண்டாயின. தமிழ்நாடு, குஜராத், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் அணிகள் வந்தன. ஏறக்குறைய அறுபது ஆட்டங்கள் இருந்த இடத்தில் 138 ஆட்டங்கள். ஐந்து வாரம் மூன்று மாதமாயிற்று. அணிகள் கூடினால் ஆட்டங்கள் கூடும். ஆட்டங்கள் கூடினால் விளம்பரத்துக்கான மாலைகள் கூடும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ‘தமிழ் தலைவாஸ்’ என்று ஓர் அணிக்குப் பெயர் வைத்தால், அதுவரை வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த தமிழ் வீடுகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். பொம்மனஹள்ளியில், மூன்றாம் மாடியில், ஒற்றை அறையும் சமையற்கட்டும் கொண்ட எங்கள் வீடும் திரும்பியது.

திரும்பியதோடு நிற்கவில்லை, இரண்டாகப் பிளந்தது. என் மகன் பிறந்தது இங்கே, படித்தது இங்கே. “நான் பெங்களூர் புல்ஸ்தான். இது என் ஊர்” என்றான். என் மனைவி விடவில்லை. “தமிழ் என்று பெயர் வைத்திருக்கும்போது எதிர்ப்பக்கம் கத்துவாயா? பாட்டி காதில் விழுந்தால் என்ன நினைப்பார்?” என்று கேட்டாள். இரு அணிகளும் மோதிய நாட்களில் எங்கள் வீட்டில் தாயும் மகனும் பேசிக்கொண்டது குறைவு. தலைவாஸ் முதல் ஆண்டில் தங்கள் பிரிவில் கடைசி இடத்தைப் பிடித்தார்கள். அந்தத் துக்கத்தில் ஒரு வாரம் இரவுச் சமையலில் உப்புச் சற்றுத் தூக்கலாக இருந்தது.

நான் யார் பக்கம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு ஆட்டம் போதும். மேலும், யார் எந்த ஊர்க்காரர் என்று பார்க்கப் புகுந்தால் சண்டைக்கே பொருள் இல்லாமற் போகும். தமிழ் அணிக்குத் தலைவராக வந்த அஜய் தாக்கூர் இமாசலப் பிரதேசத்தவர். பெங்களூர்க் காளைகளின் பெரும் பலமான பவன் ஷெராவத் தில்லிக்காரர். நம் தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதனோ 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்று கொடுத்தார். பிழைப்புக்காக ஊர் மாறியவர்களை நாமா குறை சொல்வது?

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. ஊர்ப் பெயரை அணிக்கு வைத்தவர்கள் ஊரையே மறந்துவிடுகிறார்கள். 2017இல் பெங்களூர் அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை நாகபுரியில் ஆடியது. 2018இல் அவை புனேயில் நடந்தன. அந்த ஆண்டுதான் அவர்கள் கோப்பையை வென்றார்கள். 2019 ஜனவரி 5ஆம் நாள் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் குஜராத்தை 38க்கு 33 என்று வீழ்த்தினார்கள். பவன் ஒருவரே 22 புள்ளிகள் எடுத்தார். என் மகன் தெருவில் இறங்கி ஆடினான். கண்டீரவா அரங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்று காசு சேர்த்து வைத்திருந்தவன் அவன். அந்தப் பருவம் முழுவதும் தன் அணியைத் தன் ஊரில் ஒரு நாளும் பார்க்கவில்லை. பிறகு 2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை, தொற்று நோய் காரணமாக, மொத்தப் போட்டியும் பெங்களூரிலேயே, ஒயிட்பீல்டில் ஒரு விடுதியில் நடந்தது. பன்னிரண்டு அணிகளும் நம் ஊருக்கே வந்திருந்தன. பார்வையாளர் ஒருவருக்கும் அனுமதி இல்லை. பன்னிரண்டு அணிகளும் பக்கத்தில் இருக்க, நாங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டியில் பார்த்தோம்.

அதே 2022ஆம் ஆண்டு தலைவாஸ் பவனை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்தார்கள். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது என் கை தானாக என் தழும்பைத் தடவியது. அவருக்கு மருத்துவம் பார்க்க ஆள் இருந்தது. மறு ஆண்டு அதைவிட அதிக விலையும் இருந்தது. என்னை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள்.

இதுவரை என் மகளைப் பற்றி நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சண்டையில் அவளும் சேரவில்லை. 2014இல் அவளுக்கு வயது ஒன்பது. அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் பேசாமல், பாடிச் செல்பவர்களின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். 2016இல் ஆடவர் போட்டியோடு சேர்த்துப் பெண்களுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள், மூன்றே அணிகள். ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், நம் கர்நாடகத்துத் தேஜஸ்வினி பாய் தலைமையில் ஆடிய ‘ஸ்டார்ம் குவீன்ஸ்’ அணி ஒரே ஒரு புள்ளியில் வென்றது. அன்றிரவு என் மகள் தூங்கவில்லை. மறுநாள் மொட்டை மாடியில், துணி காயப் போடுகிற கயிற்றுக்குக் கீழே, கரிக்கட்டியால் கோடு கிழித்துப் பக்கத்து வீட்டுக் கன்னடச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். வீட்டுக்கார அம்மாள் கரியைக் கண்டு கோபித்துக்கொண்டார். பிறகு தாமும் நின்று பார்த்தார்.

மறு ஆண்டு பன்னிரண்டு அணிகள் என்று அறிவிப்பு வந்தபோது, “இதில் பெண்கள் அணி எத்தனை, அப்பா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை. முந்திய ஆண்டு நடந்த பெண்கள் போட்டியும் அதன்பின் தொடரவில்லை. பிற்காலத்தில் வேறு சிலர் பெண்களுக்குப் போட்டிகள் நடத்தியதுண்டு; ஆயினும் ஆடவர் ஆட்டத்துக்குக் கிடைத்த அந்த எட்டு மணி நேரமும், அந்தப் பணமும் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. “தமிழ் அணியா, பெங்களூர் அணியா என்று நீங்கள் சண்டை போடுங்கள். எந்த அணியானாலும் எனக்கு இடமில்லை” என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் வெறுப்பு ஏதுமின்றிச் சொன்ன சொல் அது. சமையற்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பாத்திர ஓசை சற்று நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் பள்ளியில் ஆடினாள்; கல்லூரியிலும் ஆடுகிறாள். கல்லூரிப் பெண்களின் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புவோர் ஒருநாள் என்னோடு வரலாம். காலை ஏழு மணிக்கு ஆட்டம். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். பார்வையாளராக நான், வேறொரு பெண்ணின் பாட்டி, காவலாளி. 2022 ஏப்ரலில் பெங்களூரில் ‘கேலோ இந்தியா’ பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தன. அரசுத் தொலைக்காட்சியிலும் வந்தன. அது நல்ல முயற்சி. ஆனால் அதைப் பார்த்தவர்களை நம் தெருவில் தேடினால் எங்கள் வீட்டைத் தவிர இன்னொரு வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்த நேரத்தில்தான், சங்கத்து நண்பர் ஒருவரின் மகன் விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். அந்நாட்டின் மேற்குக் கரையில் படிக்கிறான். ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டைப் பற்றிச் சொன்னான். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தைக் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. தொலைக்காட்சியில் எத்தனை ஆட்டம் காட்டலாம் என்று ஒரு தேசியச் சங்கம் கட்டுப்படுத்தி வந்தது. 1984இல் ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. அதன்பின் கூட்டமைப்புகள் தாமே தொலைக்காட்சியோடு பேரம் பேசின. பெரிய நகரத்து வீடுகளை எண்ணிப் பார்த்துப் புதிய உறுப்பினர்களைச் சேர்த்தன. ‘பிக் டென்’ என்றால் பெரிய பத்து என்று பொருள்; இன்று அதில் பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள். 2022இல் ஏழு ஆண்டுகளுக்கு எழுநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்று செய்தி வந்தது. பசிபிக் கரையிலிருந்த ‘பாக்-12’ என்ற பழைய கூட்டமைப்பைவிட்டு 2024இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. எஞ்சியவை இரண்டே.

“நம் தலைவாஸ் கதைதான் இது” என்றான் என் மகன்.

“அங்கே பெண்கள் ஆடுகிறார்களா?” என்று என் மகள் கேட்டாள்.

ஆடுகிறார்கள். கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளையும் வைத்துப் பேணுகின்றன. கால்பந்தில் வரும் பணத்தில் ஒரு பகுதி அவற்றுக்கும் போகிறது. ஆனால் கூட்டமைப்பு இரு கடற்கரைகளுக்கும் நீண்டுவிட்டதால், லாஸ் ஏஞ்சலஸ் மாணவிகள் நியூ ஜெர்ஸிக்குப் பறந்து போய் ஆட வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். வகுப்பும் தூக்கமும் கெடுகின்றன என்று அவர்கள் குறைப்படுகிறார்களாம். இத்தனை காலமும் ஆடுபவர்களுக்குச் சம்பளம் என்று எதுவும் இருந்ததில்லை; 2025 ஜூன் மாதம் ஒரு வழக்குத் தீர்வுக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது.

என் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “விமானத்தில் போவதற்கா அலுத்துக்கொள்கிறார்கள்? எங்களுக்குப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் போதும்” என்றாள். எல்லாரும் சிரித்தோம். வந்திருந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் அலுப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் என் மகளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு கடைசியில் ஒரு சோதனை வந்தது. தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வாரத்தில், நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகத் தேர்வு. மாதம் பதினெட்டாயிரம். மேற்பார்வையாளர் ஒருவரிடம் நான் மூன்று மாதம் நடையாய் நடந்து சொல்லி வைத்திருந்த இடம் அது. நாளை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு என் மனைவி, “உங்கள் காலைப் பார்த்த பிறகுமா அனுப்புவீர்கள்? அவளுக்கு முழங்கால் போனால் எந்தத் தொலைக்காட்சிக்காரர் வந்து கேட்பார்?” என்றாள். நியாயமான கேள்வி. “அந்த வேலை போனால் மறுபடி கிடைக்குமா?” என்று மகனும் கேட்டான். அவனும் பொய் சொல்லவில்லை. மகள் ஒன்றும் பேசவில்லை. காலணியை எடுத்துக் கழுவி, சன்னல் ஓரத்தில் காய வைத்தாள். காலையில் அதைத் திரும்ப எடுத்து உள்ளே வைக்கும்படி அவளிடம் சொல்ல என்னால் முடியாது என்பது எனக்கு அப்போது தெரிந்தது. போய் வா என்றேன். அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அவளும் நம் பக்கத்துப் பெண்தான், ஊத்தங்கரை. நன்றாக வேலை செய்கிறாளாம். நான் செய்தது சரியா என்று இன்றும் என் மனைவி கேட்பதுண்டு. எனக்கு இன்றும் பதில் தெரியாது.

போட்டி நடந்தது தமிழ்நாட்டில். பொம்மனஹள்ளியில் இரவுப் பேருந்து ஏற்றிவிட்டேன். வார இறுதியில் ஊருக்குப் போகும் நம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அதே இடத்தில் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவே கர்நாடகப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் பொறித்த சட்டையோடு என் மகளும் அவள் தோழிகளும். “ஊருக்கா அம்மா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “ஆமாம் தாத்தா, சண்டை போட” என்றாள்.

இரண்டாம் நாள் அவர்கள் மோதியது தமிழ்நாட்டு அணி ஒன்றோடு. அவள் தோழியின் தம்பி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நேரலையாகக் காட்டினான். படம் ஆடியது, கூட்டத்தின் சத்தம் கேட்டது, முக்கால்வாசி நேரம் அந்தப் பையனின் கட்டைவிரல் தெரிந்தது. மூலையில், பார்ப்போர் தொகை 11 என்று காட்டியது. அதில் ஒன்று நாங்கள். வீட்டுக்கார அம்மாளும் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். எதிரணியின் ஆதரவாளர்கள், “விடாதே, பிடி!” என்று தமிழில் கத்தக் கத்த, என் மனைவி எந்தப் பக்கம் மகிழ்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்தாள். மகன் மட்டும் தெளிவாக இருந்தான். அவன் கன்னடத்தில் கத்தினான்.

எதிரணிப் பெண்கள் தமக்குள் தமிழில் சொல்லிக்கொண்ட யோசனைகள் எல்லாம் என் மகளுக்குப் புரிந்துவிட்டன. அது அவர்களுக்குத் தெரியாது. அப்படியே இரண்டு முறை பாடிச் சென்று நான்கு புள்ளி எடுத்தாள். மூன்றாம் முறை தன்னையறியாமல், “ஐயோ, அம்மா!” என்று சொல்லிவிட்டாள். அதன்பின் அவர்கள் சைகையில் பேசத் தொடங்கிவிட்டார்கள். மூன்று புள்ளியில் இவர்கள் தோற்றார்கள்.

இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். நான் பேசுமுன் என் மனைவி வாங்கிக்கொண்டாள்.

“முழங்கால் எப்படி இருக்கிறது?”

“சிராய்ப்புதான் அம்மா.”

“எந்தக் கால்?”

“வலது” என்றாள்.